நாலாவது பொறி

நவம்பர் 2

இந்தக் கொப்பி பொறி விபரம் எழுதத்தான். வகுப்பு எடுத்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எந்த நாள், எந்த இடம், என்ன மிருகம் என்று பதிந்துவைத்து, பருவம் முடிந்ததும் மாகாண அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எனக்கு மூன்று வரிக்கு மேல் ஓடாது. தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் குணநாயகம். மனிடோபாவில் ஆட்டுப்பண்ணை. வீட்டில் நானும் மனைவி நகுலாவும் மட்டும்; பிள்ளைகள் இல்லை. வெளியே நூற்றுச் சொச்சம் ஆடுகள். ஒக்டோபரில் மட்டும் ஐந்து குட்டிகளைக் கொயோட்டி கொண்டுபோய்விட்டது. கொயோட்டி பார்வைக்கு நரி மாதிரி. நரியைவிட உயரம், ஓநாயைவிட மெலிவு. வேலிக்குக் கீழே கிடங்கு தோண்டி வருகிறது.

இன்று எட்டுப் பொறிகளையும் தண்ணீரில் அவித்து, மெழுகு பூசிக் கொட்டிலில் தொங்கவிட்டேன். மனித வாடை இருந்தால் மிருகம் கிட்ட வராது. நகுலா சமையல் பானையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். பழைய பால் வாளியில் அவித்தேன்.

நவம்பர் 4

பொறி வைத்தாயிற்று. நாலு எங்கள் மேற்கு வேலியோடு. நாலு பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரெஸ்ட்டின் நிலத்தில், ஓடைக் கரையில். அவர் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார்.

பொறி என்பது இரண்டு இரும்புத் தாடை, நடுவில் ஒரு சிறு தட்டு. தாடைகளை விரித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தட்டில் கால் பட்டதும் கவ்விக்கொள்ளும். மூன்றை நேர் வரிசையில் வைத்தேன். நாலாவதை வரிசையை விட்டு ஓரடி உள்ளே, ஒரு மரவேருக்குப் பக்கத்தில். சந்தேகப்பட்டுச் சுற்றிப்போகும் மிருகம் அங்கேதான் கால் வைக்கும். ஒரெஸ்ட்டின் நிலத்திலும் அப்படியே.

நகுலா தேநீர் கொண்டுவந்தாள். நான் மண்ணை அரித்துத் தூவுவதையும் அதன் மேல் காய்ந்த இலை பரப்புவதையும் மிஞ்சிய மண்ணைச் சாக்கில் அள்ளுவதையும் நின்று பார்த்தாள்.

"இதை எங்க பழகினீங்கள்?"

"வகுப்பிலதான்."

"ரெண்டு நாள் வகுப்பிலயோ?"

"தோட்டக்காரன்ர பிள்ளைக்கு மண்வேலை பழக்கவேணுமே?"

"இலையின்ர ஈரப்பக்கத்தைக் கீழ வைக்கச் சொன்னதும் வகுப்பிலயோ?"

ஓம் என்றேன். வகுப்பில் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பார்கள்.

நகுலா கனடா வருமுன் வன்னியில் மூன்று வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. மளிகைக் கடை வாசலில்கூட நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பாள். அதனால் கேட்டிருப்பாள்.

நவம்பர் 5

ஒன்றுமில்லை. இரவில் வெண்பனி.

நவம்பர் 6

ஓடைக்கரை இரண்டாம் பொறியில் கொயோட்டி ஒன்று, பெண். எங்கள் வேலியில் ஒரு ரக்கூன், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள, பூனையைவிடச் சற்றுப் பெரிய மிருகம். இரண்டின் தோலையும் உரித்துப் பலகையில் இழுத்துக் கட்டினேன். சாப்பிடும்போது நகுலா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தரம் கழுவிய கை.

நவம்பர் 8

எங்கள் வேலி நாலாவது பொறி மூடிக் கிடந்தது. தாடைக்கு நடுவில் ஒரு தடி. காற்றில் விழுந்த கிளை இல்லை. ஒரு முனை கத்தியால் சீவியது.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். ஒரெஸ்ட்டின் நாய் போன வருடம் யாருடைய பொறியிலோ மாட்டி ஒரு விரலை இழந்தது. அனுமதி தந்த கையாலேயே தடியும் வைக்கிறாரோ?

நவம்பர் 9

ஒரெஸ்ட்டிடம் போனேன். எழுபது வயது, தனி ஆள். அவருடைய ஆங்கிலத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"என் பொறியை யாரோ தட்டிவிடுகிறார்கள்."

"மானாயிருக்கும்."

"மான் கத்தியால் தடி சீவாது."

அவர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். "குணா, எனக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். உன் வேலியில் என்ன நடக்கிறதென்று உன் வீட்டில் கேட்டுப் பார்."

கடைசி வசனத்தை ஏன் சொன்னார்? ஏதோ மறைக்கிறார்.

நவம்பர் 12

இன்று இரண்டு பொறிகள். இரண்டிலும் தடி. பொறியைச் சுற்றி மண்ணில் சிறுசிறு துளைகள். சாய்வாகக் குத்தியவை, இரண்டு விரல் இடைவெளியில், கோடு பிடித்ததுபோல் வரிசையாக வந்து பொறியின் விளிம்பில் நிற்கின்றன. ஏதோ பறவை கொத்தியிருக்கும்.

காலால் மண்ணைத் தள்ளித் துளைகளை மூடிவிட்டேன்.

நவம்பர் 14

நகுலாவின் தங்கை ரூபி ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசினாள். பதினேழு வயதில் மிதிவெடியில் இடது கால் போனவள். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். இப்போது கல்யாணம் செய்து இரண்டு பெண்பிள்ளைகள். ஊர் நாவலடிமோட்டை. தகப்பன் காணியில் வீடு கட்ட அத்திவாரம் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியைத் தூக்கிச் சுற்றிக் காட்டினாள்.

"பாருங்கோ அத்தான், இதுதான் குசினி. இது சாமியறை."

"பின்னால குளக்கட்டு வளையிற இடத்தில பெரிய நாவல் மரம் நிக்குமெல்லோ, அதுவரைக்கும் உங்கட காணியோ?"

ரூபி சிரித்தாள். "அதைத் தறிச்சுக் கனகாலம். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நகுலாதான் ஒருக்கா சொன்னவ."

பேசி முடிந்ததும் நகுலா தொலைபேசியை மேசையில் கவிழ்த்துவைத்தாள்.

"நான் சொன்னனானோ?"

"சொல்லாமல் எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஏதாவது படத்தில் பார்த்திருப்பேன். கல்யாணம் பேசியபோது நிறையப் படங்கள் அனுப்பினார்கள்.

நவம்பர் 15

வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். "நீங்கள் கொழும்பில கடையில நிண்டது எந்த வருசத்தில இருந்து?"

"தொண்ணூற்றைஞ்சு."

"வெளிக்கிட்டது?"

"ரெண்டாயிரத்தொண்டு. ஏன் இப்ப?"

"சும்மா."

பத்து வருடமாகச் சும்மா கேட்காதவள்.

நவம்பர் 19

ஓடைக்கரை மூன்றாம் பொறியில் மிருகம் இல்லை. ஒரு முன்னங்கால் மட்டும். கடித்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பனிப்படலத்தில் மூன்று கால் தடமும் இரத்தமும் ஓடைக்கு அப்பால் போய் மறைந்தன. தேடிப் போனேன், கிடைக்கவில்லை. வகுப்பில் சொன்னார்கள், சிலவேளை இப்படி நடக்கும், தினமும் விடிய வெள்ளனப் போய்ப் பார்த்தால் குறையும் என்று. நான் வெள்ளனத்தான் போனேன்.

காலைப் புதைக்கக் கிடங்கு வெட்டும்போது நகுலா பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. ரூபிக்கு எடுத்து, ஒன்றுமே கேட்காமல், அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 23

நல்ல பனி, கணுக்கால் ஆழம். இனி யார் வந்தாலும் தடம் இருக்கும். ஒரெஸ்ட் மாட்டிக்கொள்வார்.

நவம்பர் 24

தடம் இருந்தது. வேலியோரமாக வந்து, மூன்று பொறியைத் தட்டிவிட்டு, வந்த வழியே திரும்பியிருக்கிறது. என் பூட்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே அடி, அதே கோடு, குதியில் அதே தேய்வு.

டவுனில் பூட்ஸ் விற்கும் கடை ஒன்றுதான். ஒரெஸ்ட்டும் இதையே வாங்கியிருப்பார். ஆனால் தடம் எங்கள் கொட்டில் வாசலில் தொடங்குகிறது. கொட்டிலுக்குள்ளும் வந்து போகிறாரா? இனிப் பூட்டுப் போட வேண்டும்.

நவம்பர் 27

வேலியோர மரத்தில் கமெரா கட்டினேன். எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும். நகுலாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 1

கமெராக் கார்டைப் போட்டுப் பார்த்தேன். மான் ஒன்று, அண்டங்காகம் இரண்டு. வேறு ஒன்றுமில்லை. கார்டை அழித்துவிட்டேன். கமெராவையும் கழற்றியாயிற்று. குளிரில் பற்றரி நிற்காது.

டிசம்பர் 2

வேலி முதலாம் பொறியில் கொயோட்டி, ஆண், பெரியது. இந்தப் பருவத்தின் நல்ல தோல் இதுதான். உரிக்கும்போது கத்தி இரண்டு தரம் வழுக்கியது.

டிசம்பர் 5

ரூபி பேசினாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பற்றையைத் துப்புரவாக்கித் தென்னம்பிள்ளை வைக்கப் போகிறார்களாம். பொங்கல் முடிந்த கையோடு மண் தள்ளும் டோசர் வரும். அதற்கு முன்னர் தாங்களே கையால் வெட்டக்கூடியதை வெட்டிவிடுவார்களாம்.

"குளக்கட்டு வரைக்கும்தான், அத்தான். சின்னவளுக்கு ஓடி விளையாட இடம் வரும்."

"அவசரப்படத் தேவையில்லை" என்றேன். "மழை முடியட்டுமே."

"இந்த முறை மழை குறைவு."

நகுலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். எனக்கு அப்படித்தான் பட்டது.

டிசம்பர் 6

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 10

இந்தக் கொப்பியை யாரோ எடுத்துப் பார்க்கிறார்கள். கொட்டிலில் மருந்துப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன். எட்டாம் திகதி, பக்கங்களுக்கு நடுவே ஒரு ஆட்டு மயிர் வைத்தேன். இன்று இல்லை.

ஒரெஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாது.

டிசம்பர் 13

பகல் பால் கறந்துவிட்டு உள்ளே வந்தேன். நகுலா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "வரிசை" என்ற சொல் கேட்டது. பிறகு, "உறுதியாத் தெரிஞ்சாப்பிறகு சொல்லுறன், மரியநேசன் அண்ணை" என்று வைத்துவிட்டாள்.

மரியநேசன் அவளுடைய பழைய மேற்பார்வையாளர். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இன்னும் இருக்கிறவர்.

"என்னவாம் அவர்?"

"சுகம் விசாரிச்சவர்."

நானும் அவளும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். ஒருவருக்கொருவர் சோறு போடுகிறோம். இரண்டு பேரும் பொய் சொல்கிறோம்.

டிசம்பர் 18

எல்லாவற்றையும் இந்தக் கொப்பியில் எழுத முடியாது. ஆனால் ஒன்றை எழுதுகிறேன். 2001இல் அகதி விசாரணையில் அதிகாரி கேட்டார், நீர் எந்த இயக்கத்திலாவது இருந்தீரா, ஆயுதம் தொட்டீரா என்று. இல்லை என்றேன். கையெழுத்தும் வைத்தேன். அதன் மேல்தான் இந்தக் குடியுரிமை, இந்தப் பண்ணை, இந்தக் கல்யாணம். அடியில் இருப்பதை இழுத்தால் மேலே இருப்பது நிற்குமா?

நாவலடிமோட்டையில் யாராவது முன்னரே பார்த்திருப்பார்கள். ரூபியின் கால் போனபோது அவள் நடந்த பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார்களாம். வெள்ளத்தில் அடிபட்டு வந்த ஒன்று என்று முடிவு செய்து போய்விட்டார்கள். பற்றைக்குள் போனார்களா என்று தெரியாது.

போகவில்லை. போயிருந்தால் டோசருக்கு இன்று பற்றை இருக்காது.

டிசம்பர் 21

எட்டுப் பொறியையும் கிளப்பி இடம் மாற்றினேன். வடக்கு வேலி, யாரும் நினைக்காத இடம். நிலம் உறைந்துவிட்டதால் பொறிக்குக் கீழும் மேலும் காய்ந்த கரிமண் போட்டேன். அதன் மேல் பனியைத் தூவி, பைன் கிளையால் தடத்தைக் கூட்டிவிட்டேன். இதைக் கண்டுபிடிக்கிற ஆள் யார் என்று பார்க்க வேண்டும்.

யார் என்று எனக்குத் தெரியும். முதலாம் திகதி கார்டில் பார்த்தேன். என் பழைய பூட்ஸும் என் ஜாக்கெட்டும்.

டிசம்பர் 22

காலை எட்டரைக்கு விடிந்தது. வடக்கு வேலிக்குப் போனேன். நகுலா பனியில் முழங்காலில் இருந்தாள். கையில் கொட்டிலில் வைக்கோல் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி. முகம் நிலத்தோடு. கம்பியைச் சாய்வாக வைத்து, மெதுவாக அழுத்தி, இரண்டு விரல் தள்ளி மறுபடியும். உறைந்த நிலத்தில் கம்பி இறங்காது. பொறி இருக்கும் இடத்தில் மட்டும் இறங்கும். மூன்று பொறிகளை ஏற்கெனவே தட்டிவிட்டிருந்தாள்.

நான் வந்தது அவளுக்குக் கேட்டது. திரும்பவில்லை. எழும்பி, வரிசையை விட்டு ஓரடி உள்ளே போய், பைன் மரத்தின் வேரடியில் நின்றாள். அங்கே குத்திப் பார்க்கக்கூட இல்லை. நேரே கம்பியை இறக்கினாள். பொறி பனியைக் கிளப்பிக்கொண்டு மூடியது.

"மூண்டு நேர. நாலாவது ஓரடி உள்ளுக்கு, வேரோட" என்றாள். "இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"வகுப்பில..."

"வகுப்பு எண்டு இனிச் சொல்லாதேங்கோ."

அவள் கம்பியைப் பனியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்கள் பன்ரெண்டு பொம்பிளையள் ஒரு அணி. ஒராள் வைச்ச வரிசையளை மூண்டு காணியில எடுத்தம். ஆளை ஆரெண்டு தெரியாது. கையை மட்டும் தெரியும். எங்க வளைப்பான், எங்க விட்டுப் போவான், மண்ணை எப்பிடி மூடுவான் எல்லாம் தெரியும். கண்டறியாதவன் எண்டு பேர் வைச்சிருந்தம். காலமை வேலைக்குப் போகேக்க இண்டைக்கு ஆரின்ர வரிசை எண்டு கேப்பம். கண்டறியாதவன்ர எண்டா ஒருத்தியும் கதைக்கமாட்டாள். லலிதாவுக்கு ரெண்டு கண்ணும் போனது அவன்ர நாலாவதில."

லலிதா என்ற பெயரை அவள் எனக்குச் சொன்னதே இல்லை.

"போன மாசம் நீங்கள் இலையைத் திருப்பி வைக்கிறதைப் பாத்தன். பாத்திட்டு, இல்லை, ஊரில எல்லாரும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். அதுதான் ஒவ்வொண்டாத் தேடிப் பாத்தன். நான் பிழையா இருக்கவேணும் எண்டுதான் தேடினன். ஒவ்வொரு நாளும் நான் நினைச்ச இடத்திலதான் இருந்தது."

"நகுலா..."

"அப்ப எத்தினை வயசு உங்களுக்கு?"

"பத்தொன்பது."

"நாவலடிமோட்டையில வைச்சீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. அதற்குப் பழகிய வாய். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"ஓம்."

"எத்தினை?"

"பதினொண்டு. கிணத்தடியில இருந்து குளக்கட்டு வரைக்கும்."

"ரூபின்ர கால்?"

"தெரியாது. அதில மற்றப் பக்கம், ஆமியும் வைச்சது. என்ரயா இருக்கலாம், அவங்கடயா இருக்கலாம்."

"இருக்கலாம் எண்டு சொல்லாதேங்கோ!" கம்பியை எறிந்துவிட்டாள். "கலியாணம் பேசேக்க ஊர்ப் பேர் சொன்னனாங்கள். கால் போனதையும் சொன்னனாங்கள். தெரிஞ்சுதான் என்னைக் கட்டினீங்களோ?"

"ஊர்ப் பேரைக் கேட்டாப்பிறகுதான் ஓம் எண்டனான்."

அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒருவருக்குச் சொன்ன முதல் உண்மை அது. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. கையை எடுத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"டோசர் வருகுது எண்டு கேட்டுப் பதினேழு நாள். ரூபி அந்தப் பற்றையை வெட்டுறாள். பதினேழு நாளும் நீங்கள் பொறி பாக்கப் போனீங்கள். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கொப்பியையும் பாத்தன். அதிலயும் பொய்."

"நீர் ரூபிக்குச் சொல்லேல்லையோ?"

"அஞ்சாம் திகதியே எடுத்துச் சொல்லிப்போட்டன், பற்றைக்குள்ள கால் வைக்காதை எண்டு. ஏன் எண்டு கேட்டவள். சொல்லேல்ல." அவள் கண்ணைத் துடைத்தாள். "அவள் பெடிச்சியளைத் தாய்வீட்டில விட்டிட்டு, புருசனோட சேர்ந்து வெட்டுறாள். அக்கா கனவு கண்டிட்டா எண்டு சிரிக்கிறாள். டோசர்க்காரன் என்ர கதையைக் கேப்பானோ? வரைஞ்ச படம் இருந்தாத்தான் நிப்பாட்டலாம் எண்டு மரியநேசன் அண்ணை சொல்லுறார். உங்களால வரைய ஏலுமோ?"

ஏலும் என்றேன். ஒரு நாளும் மறக்கவில்லை என்று அங்கே சொல்லவில்லை. அதை வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன்.

டிசம்பர் 23

காலையிலிருந்து மாலைவரை குசினி மேசையில். முதலில் கிணறு, பிறகு குளக்கட்டின் வளைவு, நாவல் மரம். நடந்து அளந்த அடிகள் எல்லாம் காலுக்குள் இருக்கின்றன. எழும்பி அறைக்குள் நடந்து பார்த்துத்தான் சில தூரங்களை எழுதினேன். நகுலா எதிரில் இருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் கேள்வி கேட்டாள். என்ன ஆழம், எந்தப் பக்கம் பார்த்து நின்றீங்கள், அப்போது குளத்தில் தண்ணீர் எங்கே நின்றது. வேலைத்தளத்துக் குரல். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அவளோடு வாழ்ந்த பத்து வருடத்தில் முதல்முறையாக ஒரு முழு நாள் ஒன்றையும் மறைக்காமல் பேசினேன்.

ரூபியின் புருஷனை மரியநேசனே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வெட்டு நின்றது.

டிசம்பர் 27

படம் மட்டும் போதாதாம். வரைந்தவர் யார், எந்த வருடம், எப்படித் தெரியும் என்று பெயரோடு கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் மேலிடத்தில் அணியை அனுப்பமாட்டார்கள். "ஆரோ தந்த படம் எண்டு கன படம் வந்து ஏமாந்திருக்கிறம்" என்றார் மரியநேசன்.

வின்னிபெக்கில் ஒரு வழக்கறிஞரோடு பேசினேன். கையெழுத்து வைக்காதே என்றார். அந்தக் கடதாசி ஒருநாள் இங்கே வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

கடதாசியும் பேனையும் மேசையில் இருந்தன.

டிசம்பர் 28

கையெழுத்து வைத்தேன். முழுப்பெயர், பிறந்த திகதி, அப்போது இயக்கத்தில் இருந்த பெயரும். அந்தப் பெயரை எழுதி இருபத்தைந்து வருடம். எழுத்துப்பிழை வந்து, திருத்தி எழுத வேண்டியிருந்தது.

ஜனவரி 3

பொறிகள் எல்லாவற்றையும் கிளப்பி ஒரெஸ்ட்டிடம் கொண்டுபோனேன், யாருக்காவது கொடுக்கட்டும் என்று. அவர் கதவைத் திறந்துவிட்டு வழி விடாமல் நின்றார்.

"தடி வைத்தது நீங்கள் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"உன் மனைவிதான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். விடியக்காலை என் ஜன்னலுக்கு நேரே, உங்கள் வேலியோரமாகத்தான் போனாள். அவளாகச் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?" பிறகு பொறிகளைப் பார்த்தார். "ஆடுகளுக்கு என்ன செய்யப் போகிறாய்?"

தெரியாது என்றேன். பின்னேரம் தன் கழுதையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் பட்டியில் விட்டார். கழுதை கொயோட்டியைக் கண்டால் துரத்தி மிதிக்குமாம். ஆடுகள் அதைச் சுற்றி நின்று பார்த்தன.

ஜனவரி 9

நகுலா ஊருக்குப் போய்விட்டாள். அணி இறங்கும்போது தானும் அங்கே நிற்க வேண்டும் என்றாள். விமான நிலையத்தில் பெட்டியை நான் தூக்கினேன், விட்டாள்.

"எப்ப வாறீர்?"

"திரும்பி வாறதுக்குத் திகதி போடேல்ல."

"ரூபிக்குச் சொல்லிப்போட்டீரோ?"

"நேரில சொல்லுறன்."

ஜனவரி 30

செய்தி இல்லை. கழுதை நல்ல கழுதை. குட்டி ஒன்றும் போகவில்லை.

பெப்ரவரி 11

நகுலா ஒரு வரி அனுப்பினாள். முதல் மூன்றும் கிடைத்துவிட்டன. நாலாவது ஓரடி உள்ளே.

பெப்ரவரி 28

பருவம் முடிந்தது. அறிக்கை அனுப்பினேன். கொயோட்டி இரண்டு, ரக்கூன் ஒன்று. தப்பியது ஒன்று.

மார்ச் 16

இரவு பதினொன்றுக்குத் தொலைபேசி அடித்தது, அங்கே காலை. நகுலாவின் இலக்கம். எடுத்தால் திரையில் ரூபி. டிசம்பரில் பேசியதற்கு முகம் மெலிந்திருந்தது. பின்னால் பற்றை இல்லை. வெட்டிய வெறும் நிலமும் சிவப்பு நாடாக் கட்டிய கம்புகளும். நகுலா அவளுக்குப் பக்கத்தில், முகம் பாதிதான் தெரிந்தது.

ரூபி அத்தான் என்று கூப்பிடவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"முடிஞ்சுதாம். பத்து எடுத்திருக்கினம். எல்லாம் நீங்கள் கீறின இடத்தில."

"பத்தோ?"

"ஏழாவது இல்லை. அந்த இடத்தில, நான் வெடியில விழுந்த பாதையோரத்தில, ஒரு பள்ளம்தானாம். பழசு." நாடாக் கட்டிய கம்புகளைத் திரும்பிப் பார்த்தாள். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. பதினொண்டு எண்டது உறுதியோ? பத்தா இருக்கேலாதோ?"

அவள் பத்து என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. பத்து என்றால் அவளுடைய காலை எடுத்த வெடி வேறு யாருடையதோ. வெள்ளத்தில் வந்ததாக இருக்கலாம், மற்றப் பக்கம் வைத்ததாக இருக்கலாம். எனக்கு இரங்கித்தான் கேட்டாளோ, தனக்கு இரங்கிக் கேட்டாளோ தெரியாது. பத்து என்று சொல்ல நாக்குக்கு ஒரு நொடி போதும்.

"பதினொண்டுதான், ரூபி. ஏழாவதும் நான் வைச்சதுதான்."

அவள் தலை குனிந்துகொண்டாள். எங்கோ ஒரு கோழி கத்தியது. பெண்பிள்ளை ஒன்று ஓடிவந்து அவள் மடியில் ஏறப் பார்க்க, ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

"சரி" என்றாள். "இனித் தெரியும்."

தொலைபேசி நகுலாவின் கைக்கு மாறியது. அவள் என்னைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக நேரே பார்த்தாள்.

"கொப்பி வைச்சிருக்கிறீங்களோ இன்னும்?"

"ஓம்."

"இப்ப சொன்னதை அதில எழுதுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாமல்."